த்ரெஷோல்டுக்கு வாசல் எதற்கு?

பென்சில் ஓவியத்தை ஸ்கேன் செய்து, அச்சுக்கோ ரப்பர் ஸ்டாம்புக்கோ தோதாகச் சுத்தக் கருப்பு, சுத்த வெள்ளையாக மாற்றுவது எப்படி என்று சொல்லித்தரும் தமிழ்க் குறிப்புகளில் 'படத்தின் வாசல் அளவைக் கூட்டவும்' என்று வந்துகொண்டே இருக்கிறது. படத்துக்கு ஏது வாசல்?

மென்பொருளில் த்ரெஷோல்ட் (threshold) என்று இருப்பதைத்தான் வாசல் ஆக்கியிருக்கிறார்கள். த்ரெஷோல்ட் பழைய ஆங்கிலச் சொல், வாசற்படி என்று பொருள், முன்பாதிக்கு மிதித்தல் என்ற வேர். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய உளவியலாளர்கள், எந்த அளவுக்குக் கீழே ஒரு தூண்டல் நமக்கு உறைக்காதோ அந்த அளவை வாசற்படி என்றார்கள். அங்கிருந்து மற்ற அறிவியல்களுக்கும் பரவியது. சரி, அது அவர்கள் வழக்கு.

ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற படம் திருத்தும் மென்பொருள்களில் இது செய்யும் வேலை வேறு. எட்டு பிட் சாம்பல் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 (கருப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஒரு மதிப்பு. நடுவில் ஓர் எண்ணை வைக்கிறோம். ஃபோட்டோஷாப் 128இல் தொடங்கித் தரும். அதற்குக் கீழே எல்லாம் கருப்பு, மேலே எல்லாம் வெள்ளை. எண்ணைக் கூட்டினால் கோடு தடிக்கும், காகிதத்தின் சொரசொரப்பும் கரும்பொட்டுகளாக எழும்பும்; குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். அந்த எண்ணைப் படத்தின் மதிப்புப் பரவலிலிருந்து கணினியே கண்டுபிடிக்க ஒரு வழியை 1979இல் ஜப்பானிய ஆய்வாளர் ஓட்சு கொடுத்தார். இதில் யாரும் எங்கும் நுழையவில்லை.

த்ரெஷோல்டைப் 'பயன்தொடக்கம்' என்போர் இயற்பியல் பாடநூலிலிருந்து எடுக்கிறார்கள். ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவரும் ஒளிமின் விளைவில், பயன்தொடக்க அதிர்வெண் என்பது அருமையான சொல், ஏனென்றால் அதற்குக் கீழே எலக்ட்ரான் வெளிவராது, அங்கேதான் பயன் தொடங்குகிறது. இங்கே எது தொடங்குகிறது? கருப்பும் நமக்கு வேண்டியதுதானே, சொல்லப்போனால் ஓவியமே அதுதான்! அப்புறம் 'வரம்பு'. வயல் வரப்பு என்ற பழைய பொருளில் அது இரண்டு பக்கத்தையும் பிரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்று வரம்பு என்றால் தாண்டக் கூடாதது, வேக வரம்பு மாதிரி. போதாததற்கு, அதே மென்பொருளில் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் அந்தச் சொல்லையே போட்டுவைத்திருப்பார்கள்.

என் தேர்வு பிரிநிலை. புதிதாகப் புனைந்ததும் இல்லை. நன்னூல் ஏகாரத்தின் பொருள்களை அடுக்கும்போது முதலில் சொல்வதே இதைத்தான். 'அவருள் இவனே கள்வன்' என்று கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுகிறதே, அந்தப் பிரிநிலை. நிலை என்றால் அளவின் ஒரு படி (லெவல்) என்றும் கொள்ளலாம். வாசல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, கதவு நிலையும் நிலைதான்.

இன்னொரு கூத்து, சாம்பல் படத்தையே 'கருப்பு வெள்ளை' என்பது. பழைய சினிமாவைச் சொல்லும் பேச்சு வழக்கில் அதில் தவறில்லை. மென்பொருளின் மெனுவிலும் அப்படியே எழுதினால், கருப்பு வெள்ளைப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்று என்று வந்து நிற்கிறது. இதற்குத் தப்பித்தவர்கள் கிரேஸ்கேலை (grayscale) 'சாம்பல் அளவுகோல்' என்கிறார்கள், ஏதோ சாம்பலை அளக்கும் ஸ்கேல் போல. சாம்பல் படிநிலை என்றால் போதும், சுத்தக் கருப்பும் சுத்த வெள்ளையும் மட்டுமே உள்ளதை ஒரு பிட் படம் என்றால் தீர்ந்தது. மொழிபெயர்ப்பவர் ஒருமுறையாவது அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தால் இவ்வளவு வம்பே வந்திருக்காது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள்.