ஒரே தொண்டை, இரண்டு டாக்டர்

தக்கலையில் இருக்கும் எங்கள் மைனி போன வாரம் போனில் கேட்டார். "பயலுக்குத் தொண்டையில சதை வளந்திருக்காம். நாகர்கோவில் டாக்டர் எடுத்துடணும்னு சொல்லுதாரு. மார்த்தாண்டத்துல காட்டினா, ஒண்ணும் வேண்டாம், வளர வளர சரியாயிரும்னு சொல்லுதாரு. இதுல யாரு கள்ளம் சொல்லுதா?"

ரெண்டு பேருமே கள்ளம் சொல்லவில்லை. அதுதான் இதில் வேடிக்கை.

டான்சில் என்பது தொண்டைக்குள் கிருமிக்குக் காவல் நிற்கும் சதை. சிறுவயதில் பெருத்திருக்கும், பிறகு தானே சுருங்கும். எவ்வளவு பெருத்தால் எடுக்க வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

1934-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பதினொரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேர். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். சரி, 'வேண்டாம்' என்று தப்பிய 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினால்? 99 பேருக்கு எடுக்க வேண்டுமாம். அதிலும் தப்பிய 116 பேரை இன்னொரு முறை காட்டினார்கள்: 51. கடைசியில் ஆயிரத்தில் 65 பிள்ளைகள்தான் மிச்சம்!

மூன்று சுற்றிலும் கிட்டத்தட்ட 45 சதவீதம். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்டமானதை முன்பே கழித்துவிட்ட கட்டைக் கொடுத்தாலும், மிச்சத்தில் கொஞ்சம் மங்கலான ஷீட் கண்ணில் உறுத்தத்தான் செய்யும். டாக்டரின் கண்ணும் அப்படித்தான். 'பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கெட்ட டான்சில்' என்று பழகிய மனம், எந்தக் கூட்டத்தை நிறுத்தினாலும் பாதியைத் தேடி எடுத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் ஹார்ன்சியில் 1928-இல் 186 பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்தார்கள். பள்ளி மருத்துவ அதிகாரி மாறினார். அடுத்த வருஷம் 12. ஊரில் தொண்டைகள் மாறவில்லை. 1973-இல் வென்பர்க், கிட்டெல்சோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை 13 பகுதிகளாகப் பிரித்து எண்ணினார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒரு பகுதியில் 13 டான்சில் அறுவை, இன்னொன்றில் 151. அந்தக் கணக்கை டாக்டர்களிடமே காட்டிய பிறகு எண்ணிக்கை இறங்கியது.

இதில் காசு எங்கே வருகிறது? குளச்சலில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்கிறோம். டாக்டரிடம் போனால், என்ன வேண்டும் என்பதையே விற்கிறவர்தான் சொல்கிறார். 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய பிரபலமான பொருளாதாரக் கட்டுரையின் அடித்தளமே இந்த அறிவு இடைவெளிதான்.

ஆனால் எல்லாவற்றையும் காசாசை என்று தள்ளிவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் 64 சதவீதம். அதில் காசைச் சந்தேகிக்கலாம். நம் அரசு மருத்துவமனைகளிலோ 36. நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் 14தான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் டாக்டருக்கு இதில் என்ன லாபம்? அறுவை வசதி ஒரு காரணம், பழக்கம் இன்னொன்று. அப்புறம், ஜோசியரிடம் நட்சத்திரம் குறித்துக்கொண்டு வந்து தேதி கேட்கும் நம் குடும்பங்களும் இருக்கின்றன. அதையும் டாக்டர் தலையில் கட்டக் கூடாது.

ஸ்கேன் இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டுகிற ஆர்வம், அகஸ்தீஸ்வரத்தில் எத்தனை அறுவை, கல்குளத்தில் எத்தனை, விளவங்கோட்டில் எத்தனை என்று எண்ணி வெளியிடுவதில் இருந்தால் நன்றாக இருக்கும். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

மைனியிடம் ஒன்றுதான் கேட்டேன்: போன ஒரு வருஷத்தில் தொண்டைவலி எத்தனை தடவை? மருத்துவ நூல்களில் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒரே வருஷத்தில் ஏழு, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தைந்து, அல்லது மூன்று வருஷம் மும்மூன்று. அவர் பள்ளிக்கூட லீவு லெட்டர்களை வைத்து எண்ணிப் பார்த்தார். போன வருஷம் மூன்று. அதற்கு முந்தின வருஷம் ஒன்று.