சொல் விளக்கம்: தெர்மோஸ்டாட்

"நம்ம ஊரே சூடு. இதுல தெர்மோஸ்டாட் எதுக்குங்க? கழட்டிட்டா வண்டி ஜில்லுனு ஓடும்." கார் சூடாகிறது என்று பணிமனைக்குப் போன பலருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானது. நானும் கேட்டிருக்கிறேன். சொல்லின் பொருள் தெரிந்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது.

கிரேக்கத்தில் 'தெர்மோஸ்' என்றால் சூடான. 'ஸ்டாடோஸ்' என்றால் நிற்கிற. முதல் பாதியைத் தெர்மாமீட்டரிலேயே பார்த்திருக்கிறோம். வெப்பத்துக்கேற்ப வளையும் உலோகப் பட்டைகளால் கருவி செய்து, இந்தப் பெயரோடு 1830-இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர். பெயரில் குளிர்ச்சி என்ற பேச்சே இல்லை.

காரில் இருப்பது கைக்குள் அடங்கும் ஒரு வால்வு. அதன் உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு மூடியிருப்பதால் கூலன்ட் (எஞ்சினின் சூட்டை வாங்கிச் செல்லும் திரவம்), அதை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். பல கார்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வாக்கில் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும்.

இதைக் கழற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டாமலே ஓடும். இன்னும் சூடேறவில்லை என்று சென்சார் சொல்ல, எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் குறையும். ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும். அடைத்த ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோதான் உண்மையான கோளாறு என்றால், அது அப்படியே இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வெப்பக் கட்டுப்படுத்தி' என்பது பரவலாக இருக்கிறது. ஆனால் அது வெப்பத்தை அடக்குவது என்ற எண்ணத்தைத் தருகிறது. கழற்றச் சொல்பவரின் தவறும் அதுதானே. நான் எழுதுவது 'வெப்பநிலை நிறுத்தி'. 'நிலை', 'நிறுத்து' இரண்டும் 'நில்' என்ற வேரில் பிறந்தவை. 'ஸ்டாடோஸ்' சொல்வதும் அதையே. 'நிறுத்தி' என்றால் தடுத்துவிடுவது என்று ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தேரை நிலையில் நிறுத்துகிறோம் என்றால், அதன் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்றுதான் பொருள். வெப்பத்துக்கு இந்த வால்வு செய்வதும் அதுவே.

வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆறிய வண்டியைக் கிளப்பிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. பெரும்பாலான கார்களில் அந்தக் குழாய் முதல் சில நிமிடங்களுக்குச் சூடில்லாமல் இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். முதலிலிருந்தே மெதுவாகச் சூடேறினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நெருங்கியும் குழாய் சூடாகவில்லை என்றால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அப்புறம், முள்ளே இல்லாத கார்கள் இப்போது நிறைய. அவற்றில் எஞ்சின் ஆறியிருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைய வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனாலும் சந்தேகப்படுங்கள்.

திறக்கும் வெப்பநிலை வால்விலேயே பொறித்திருக்கும். மாற்றும்போது அதே எண்ணுள்ளதை, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டோடு கேட்டு வாங்குங்கள்.