பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வீட்டுக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளை இப்போது மும்முரமாகப் புதுப்பிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஜன்னல்களிலும் கிராதிகளிலும் அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கும் பழைய எனாமல் பெயின்ட், குழந்தை மருத்துவரான என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதில் காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.

"பூச்சி மருந்து குடுத்தும் மண்ணு திங்கிறத விடமாட்டேங்கிறான் டாக்டர்" என்று தாய்மார்கள் வருவார்கள். பிள்ளை வெளுத்திருக்கும், அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் சிணுங்கல். இரும்புச்சத்துக் குறைவுதான் பெரும்பாலும் காரணம். இருந்தாலும் காரீயமும் காரணமாக இருக்கலாம் என்பதால் "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்காமல் நான் விடுவதில்லை. பழைய வீட்டில் கதவு தேய்க்கிறார் என்றால், வேலைச் சட்டையை எங்கே கழற்றிப் போடுகிறார் என்பது என் அடுத்த கேள்வி. மடித்துவிட்ட கையை விரித்து உதறினால் மாவு போல் தூசி கொட்டும். அதே சட்டையோடுதான் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்.

காரீயம் கனமான, மென்மையான உலோகம். உடம்புக்கு அதனால் எள்ளளவும் பயன் கிடையாது. ஆனால் உடம்பு அதைச் சுண்ணாம்புச்சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்துவைக்கிறது. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம். எலும்பிலோ பல வருடங்கள் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். விழுங்கியதில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை ஈர்த்தால், சிறு குழந்தைகள் பாதி வரை ஈர்ப்பார்கள். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக. மூளை வளரும் வயதில் படிப்பையும் கவனத்தையும் இது குறைத்துவிடும், போனது திரும்பாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தீப்பந்தம் காட்டி உரிப்பது அதைவிட மோசம், புகையாகவே உள்ளே போகும். விளக்குமாறு தூசியைக் கிளப்பும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை முடியும்வரை வீட்டின் அந்தப் பகுதிக்குள் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வரவேண்டாம். தச்சருக்கும் பெயின்டருக்கும் நல்ல முகமூடியும், குளித்து உடை மாற்றிப் போக இடமும் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கூலியோடு சேர்த்துக் கணக்குப் போடவேண்டிய செலவு இது.

சந்தேகம் வந்தால் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் காரீயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். அதற்குக் கீழே என்றால் தூசி வரும் வழியை அடைப்பதும், இரும்புச்சத்தைச் சரிசெய்வதும்தான் வைத்தியம். சில வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். வீட்டில் மற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அன்றே ரத்தம் எடுத்துவிடுங்கள்.