‘கட்டாய அனுமதி’: யார் யாருக்குத் தந்த அனுமதி?

மனநலச் சட்டத்தைத் தமிழில் விளக்க வருகிறவர்கள் நோயாளி சம்மதிக்காமலே அவரை மருத்துவமனையில் சேர்ப்பதைக் குறிக்க ‘கட்டாய அனுமதி’ என்ற தொடரை விடவே மாட்டேன் என்கிறார்கள். நோயாளிகளின் குடும்பத்தாருக்காக அச்சிட்ட ஒரு துண்டறிக்கையில் அண்மையில் படித்தது இது: “நோயாளியின் அனுமதி இல்லாமலும் அவரை அனுமதிக்கலாம், 30 நாட்களுக்கு மேல் அனுமதியை நீட்டிக்க வாரியத்தின் அனுமதி வேண்டும்.” நான்கு அனுமதி, மூன்று பொருள். ஒன்று நோயாளியின் சம்மதம், ஒன்று மருத்துவமனையில் சேர்ப்பது, ஒன்று, சேர்த்தது சரிதானா என்று பார்க்கும் வாரியத்தின் உத்தரவு. மகனைச் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கும் அம்மாவுக்கு இதில் என்ன விளங்கும்? “நோயாளி சம்மதிக்காவிட்டாலும் அவரைச் சேர்க்கலாம், 30 நாட்களுக்கு மேல் வைத்திருக்க வாரியம் உத்தரவிட வேண்டும்” என்று எழுதினால் முடிந்தது.

அனுமதி வடசொல். இசைவு, உடன்பாடு என்பது அதன் பொருள். ‘அட்மிட்’ லத்தீன் வழி வந்தது, உள்ளே விடுவது. அதில் ‘இடங்கொடு’ என்ற பொருளும் உண்டு, ‘சேர்த்துக்கொள்’ என்ற பொருளும் உண்டு. பத்திரிகைத் தமிழ் முதலாவதைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சலுக்கு ‘அனுமதிக்கப்பட்டார்’ என்று எழுதினால் பெரிய நஷ்டம் இல்லை. மனநலச் சட்டத்தில் அப்படி விட முடியாது, அங்கே கேள்வியே இசைவு உண்டா இல்லையா என்பதுதான். ‘கட்டாய அனுமதி’யைப் பிரித்துப் பார்த்தால் கட்டாய இசைவு என்று வரும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

‘சேர்க்கை’ நம்மிடம் தயாராக இருக்கிறது. கல்லூரி வாசலில் ‘மாணவர் சேர்க்கை’ என்றுதான் பலகை வைக்கிறோம். வீட்டிலும் ‘ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்’ என்கிறோமே தவிர, அனுமதித்திருக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, இந்தச் சட்டத்துக்கு வேண்டிய வேறுபாட்டைத் தமிழ் வினையே தந்துவிடுகிறது: சேர்ந்தார் தன்வினை, சேர்த்தார்கள் பிறவினை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 86ஆம் பிரிவு தானாக வந்து சேர்பவருக்கு. 89ஆம் பிரிவு, நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்க்கப்படுபவருக்கு. ஒரு ‘த்’ செய்யும் வேலை இது.

இந்த 89ஆம் பிரிவைச் சட்டம் ‘சப்போர்ட்டட் அட்மிஷன்’ என்கிறது. அதை ‘ஆதரவு அனுமதி’ ஆக்கிவிட்டார்கள். இதுதான் எனக்கு அதைவிடப் பெரிய குறை. ஆதரவு என்றதும் தமிழனுக்கு ஆதரவற்றோர் இல்லமும் தேர்தல் கூட்டணியும்தான் நினைவுக்கு வரும். ‘ஆதரவு அனுமதி’ என்று படிப்பவர் ஏதோ கட்டணச் சலுகை என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. சட்டம் சொல்வது வேறு: முடிவெடுக்கப் பிறர் துணை மிகுதியாகத் தேவைப்படும் நிலை. அதையும் இரண்டு நிபுணர்கள், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர், தனித்தனியே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். தன்னையோ பிறரையோ தாக்கும் ஆபத்து, அல்லது தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். பெண்கள், சிறார் என்றால் 3 நாட்களுக்குள், மற்றவர்கள் என்றால் 7 நாட்களுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சேர்க்கப்பட்டவர் அதை எதிர்த்து மனுக் கொடுத்தால் வாரியம் 7 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த உரிமை தனக்கு இருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? ‘ஆதரவு’ என்று பூசி மெழுகினால் எதிர்க்க என்ன இருக்கிறது என்றே தோன்றும். பொதுவாகப் பேசும்போது கட்டாயச் சேர்க்கை. 89ஆம் பிரிவைக் குறிக்கும்போது துணையோடு சேர்த்தல். இவை போதும்.

சிலர் எதிர்ப்பக்கம் ஓடி ‘தடுப்புக்காவல்’ என்று எழுதுகிறார்கள். அது குண்டர் சட்டத்தின் சொல். நோயாளிமேல் அந்த நிழல்கூட விழக் கூடாது.

அப்புறம், வாரியத்தின் பெயர். ‘மறுஆய்வு வாரியம்’ என்றும் ‘சீராய்வு மன்றம்’ என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். எனக்குச் சீராய்வு மன்றம்தான் பிடித்திருக்கிறது. மறுஆய்வு என்றால் கோப்பை இன்னொரு முறை புரட்டுவது. இந்த அமைப்போ மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமையில் உட்கார்ந்து, சேர்த்தது சரியில்லை என்றால் வெளியே விடச் சொல்கிறது. நோயாளிகளோ, அவர்களைப் பராமரிப்பவர்களோ, அவர்களுக்கான அமைப்புகளின் பிரதிநிதிகளோ அதில் உறுப்பினராக இருப்பார்கள். அதன் முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படி உயர் நீதிமன்றம் போவதற்குச் சீராய்வு என்ற பெயர் வேண்டாம், மேல்முறையீடு என்ற நல்ல சொல் பழக்கத்தில் இருக்கிறது.