நனைந்த கணவாய்

"மாமா, நாம மட்டும் ஏன் இங்கிலீஷைத் தப்புத்தப்பா கேக்கோம்?" என்று போன வாரம் அக்கா மகள் கேட்டாள். தக்கலையில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கட்டுரையில் 'ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பசஸ்' என்று எழுதிவிட்டு வகுப்பில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பசஸ்' என்பதுதான் சரி; 'எப்படிப் பார்த்தாலும்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் பொருள். "அந்த 'நாம மட்டும்'லதான் தப்பு மக்களே" என்றேன். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதே தொடரை இதே மாதிரிதான் தப்பாக எழுதுகிறார்கள். அப்புறம், குமரியைக் 'கொமரின்' என்று வரைபடத்தில் எழுதிவைத்தவர்களின் காது மட்டும் என்ன ஒழுங்கு?

என் கதை இன்னும் மோசம். முதல் வேலையில், ஒரு திட்டம் புஸ்ஸென்று போனதைப் பற்றிய அறிக்கையில் 'டேம்ப் ஸ்க்விட்' என்று எழுதினேன். எழுத வேண்டியது 'டேம்ப் ஸ்க்விப்', அதாவது நமுத்துப்போன பட்டாசு. ஸ்க்விட் என்றால் நம்ம கணவாய் மீன். கடலோரக் குளச்சல்காரன் வேறென்ன எழுதுவான் என்று அலுவலகமே சிரித்தது. இங்கிலாந்திலும் கணவாயை நனைக்கிறவர்கள் ஏராளம் என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

இப்படிப்பட்ட தப்புகளுக்குப் பேர்கூட உண்டு. சின்ன வயதில் அம்மா வாசித்த ஒரு கதைப்பாடலில் 'லெய்ட் ஹிம் ஆன் த க்ரீன்' (அவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள்) என்பதை 'லேடி மாண்டெக்ரீன்' என்று கேட்டு, யாரோ ஒரு சீமாட்டி செத்துப்போனதாக நினைத்திருந்தார் அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட். 1954இல் அதைப் பற்றி எழுதும்போது அந்தச் சீமாட்டியின் பேரையே இந்த வகைத் தப்புக்கு வைத்துவிட்டார். கேட்ட தப்பிலும் ஓர் அர்த்தம் ஒட்டிக்கொண்டால் அதற்கு 2003இலிருந்து இன்னொரு பேர், 'எக்கார்ன்'. ஏகார்ன் என்ற ஓக் மரக் கொட்டையை யாரோ 'எக் கார்ன்' என்று எழுதியதால் வந்தது. கொட்டை முட்டை வடிவில்தானே இருக்கிறது!

காது வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான். செவிப்பறை அதிரும், மூன்று குட்டி எலும்புகள் அதிர்வை உள்காதுக்குக் கடத்தும், அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும். சரி. ஆனால் போய்ச் சேர்கிற சமிக்ஞையில் சொற்கள் தனித்தனியாக இருப்பதில்லை. எழுத்தில் விடுகிற இடைவெளி பேச்சில் கிடையாது. பேச்சைப் பதிவுசெய்து அலையாகப் பார்த்தால் இரண்டு சொற்கள் சேருகிற இடம் பெரும்பாலும் ஒட்டிக்கிடக்கும். 'பட்டம்' என்ற ஒற்றைச் சொல்லின் நடுவிலோ, 'ட்ட'வுக்காக நாக்கு அடைக்கிற இடத்தில், ஒரு குட்டி மௌனம் இருக்கும். எங்கே வெட்டுவது என்பது மூளையின் தீர்மானம். தாமரை என்பது பூவா, தாவுகிற மரையா? பலகையா, பல கையா? நம் புலவர்கள் பிரிமொழிச் சிலேடை என்று இதை ஒரு விளையாட்டாகவே ஆடியிருக்கிறார்கள். வேகப் பேச்சில் 'அண்ட்' தேய்ந்து முன்சொல்லோடு ஒட்டும்போது 'இன்டென்சிவ்' பிறப்பதும் இதே கதைதான்.

வெட்டுவதோடு நின்றால் பரவாயில்லை, மூளை இல்லாததையும் ஒட்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1970இல் உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் செய்தது. ஒரு வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலிருந்த 'ஸ்' ஒலியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்து, இருபது பேருக்குப் போட்டுக் காட்டினார். பத்தொன்பது பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். விடுபட்டிருக்கிறது என்ற அந்த ஒருவரும் வேறோர் ஒலியைக் காட்டினார்! இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதிலாக மௌனத்தை வைத்தால் மட்டும் ஓட்டை தெரிந்துவிடுகிறது. ஏதாவது இரைச்சல் கிடைத்தால் போதும், 'அதற்குப் பின்னால் அந்த ஒலி இருந்திருக்கும்' என்று மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

அதே வருஷம் ரோஸ்லின் வாரனோடு சேர்ந்து அவர் எழுதிய இன்னொன்று இதைவிட விசேஷம். முதல் ஒலி இருமலில் மறைந்த 'ஈல்' என்ற துண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றினார்கள். கடைசியில் வண்டி அச்சு வந்தால் 'வீல்' என்று கேட்டது. ஷூ வந்தால் 'ஹீல்', ஆரஞ்சு வந்தால் 'பீல்' (தோல்), மேசை வந்தால் 'மீல்' (சாப்பாடு). கவனியுங்கள், பின்னால் வருகிற சொல் முன்னால் கேட்டதைத் தீர்மானிக்கிறது! அதாவது 'இப்போது கேட்டேன்' என்று நமக்குத் தோன்றுவதே மூளை கொஞ்சம் பொறுத்திருந்து எழுதிக்கொடுத்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் ஏற்கெனவே பழகிய சொல்லுக்குத்தான் சலுகை. ஸ்க்விப்பை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை, கணவாயை வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிடுகிறேன்.

முப்பந்தல் பக்கம் ராத்திரியில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே, இசக்கியம்மன் கூப்பிடுவாள் என்று பாட்டி சொல்வாள். கும்பிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே அடிக்கிற ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலைகளையே சுற்றவைக்கிற காற்று. அத்தனை இரைச்சலில் மூளை முதலில் தேடிப்பிடிக்கிற சொல் நம் பேராக இருப்பதில் என்ன அதிசயம்? (மலைவழிக்கும் மீனுக்கும் ஒரே பேர் வைத்த மொழியில் நான் குழம்பியதும் அதிசயமில்லை.)

தமிழ்க் காதுகளை வைத்து இப்படி நிறையச் சோதனைகள் நடக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டாம். ஓர் அமைதியான அறை, நல்ல ஹெட்ஃபோன், இருபது பேர். இந்தச் செலவுக்குப் பணமில்லை என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

நாங்கள் செல்பேசியிலேயே முயன்று பார்த்தோம். "நேற்று அவன் தலையை" என்று பதிவுசெய்து, 'த' வருகிற இடத்தில் என் இருமலைப் போட்டு, அதோடு நிறுத்திவிட்டோம். அக்கா மகள்தான் வெட்டி ஒட்டினாள். வெட்டு அவ்வளவு சுத்தமில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, என்ன கேட்டது என்றோம். அம்மா யோசிக்கவே இல்லை.

"வலையை."