உப்பே போடாத ரிசோட்டோவில் உப்பு எவ்வளவு?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும், சமவெளி வேலையை விட்டு மலையில் வந்து குடியேறியவர்களும் இப்போது வீட்டிலேயே ரிசோட்டோ என்கிற இத்தாலியக் குழைசோறு செய்கிறார்கள். அரசாணிக்காயும் (பரங்கிக்காய்) பேக்கனும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) சேர்த்த ரிசோட்டோ, குளிருக்கு இதமான சாப்பாடு. நான் சமையல் சொல்லித் தருகிறவள் இல்லை, உணவியல் ஆலோசகர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள். அவர்கள் இந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் பயப்படுவது க்ரீமுக்கு. முறையாகச் செய்த ரிசோட்டோவில் க்ரீம் கிடையாது. பயப்பட வேண்டியது உப்புக்கு.

அந்தக் குழைவு அரிசியிலிருந்தே வருகிறது. வட இத்தாலியில் ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குட்டையான, பருத்த அரிசி வகைகளை இதற்கு எடுக்கிறார்கள். சூடான ஸ்டாக்கை, அதாவது காய்கறியோ இறைச்சியோ கொதிக்க வைத்து வடித்த சாற்றை, கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறும்போது அரிசியின் மேற்புற மாவுச்சத்து கரைந்து குழம்பாகிறது. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாகக் கிளறினால் பளபளப்பு வந்துவிடும். நம் கடைகளில் கிடைக்கிற, பொங்கலுக்கு வாங்கும் பச்சரிசியிலும் ஓரளவு நன்றாக வரும். புழுங்கலரிசி சரிப்படாது. அவித்துக் காய வைக்கும்போதே அதன் மாவுச்சத்து உள்ளுக்குள் இறுகிவிடுகிறது. பச்சரிசியையும் நாலு தண்ணீர் விட்டு அலசினால் வேண்டிய மாவு கழுநீரோடு போய்விடும். ஒரு தரம் அலசி வடித்தால் போதும்.

சரி, உப்புக்கு வருவோம். இதில் மலைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். குன்னூரில் சுமார் 94 டிகிரி, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் 93-க்கும் கீழே. கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கதைதான். கொதிக்கிற தண்ணீரே சூடு குறைவாக இருப்பதால், சென்னையில் 18 நிமிடத்தில் வேகிற அரிசி இங்கே 25 நிமிடம் வரை கேட்கும். திறந்த பாத்திரத்தில் அத்தனை நேரம் கொதித்தால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றுகிறதே என்று இன்னும் இரண்டு கரண்டி ஸ்டாக் ஊற்றுவோம். அந்த ஸ்டாக் உப்புப் போட்டதாக இருந்தால், ஒவ்வொரு கரண்டிக்கும் உப்பு ஏறிக்கொண்டே போகும். சமையல் வீடியோவில் சொல்கிற அளவெல்லாம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குப் போட்ட கணக்கு.

ஒரு அம்மா, கணவருக்குக் கொதிப்பு கட்டுக்குள் வரவில்லை என்று அவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாரத்தில் என்னென்ன சாப்பிட்டார் என்று எழுதிக்கொண்டே வந்தபோது ஞாயிற்றுக்கிழமையில் ரிசோட்டோ வந்தது. "அதுக்கு உப்பே போடலைங்க மேடம், சத்தியமா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என்னென்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நாலு பேருக்குச் செய்தது. தண்ணீரில் கரைத்தால் ஸ்டாக் ஆகிற 10 கிராம் ஸ்டாக் க்யூப் மூன்று: இரண்டு முதலில், அரிசி வேகாததால் தண்ணீர் சேர்த்தபோது இன்னொன்று. பேக்கன் 150 கிராம். துருவிய சீஸ் ஒரு கைப்பிடி. உப்பு வெண்ணெய் இரண்டு ஸ்பூன்.

ஸ்டாக் க்யூபின் எடையில் ஏறக்குறைய பாதி உப்புதான். மூன்று க்யூபில் 15 கிராம் வந்துவிடுகிறது. பேக்கன் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஆக, 150 கிராமில் முக்கால் ஸ்பூன் உப்பு, அதாவது நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. சீஸும் வெண்ணெயும் சேர்ந்து இன்னொரு ஒன்றரை கிராம். மொத்தம் 20 கிராம். ஆளுக்கு 5 கிராம். பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ள வேண்டிய உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த ஒரே தட்டில் அன்றைய கணக்கு முடிந்துபோனது. காலை இட்லிச் சட்னி, சாயந்தர வர்க்கி, ராத்திரி ஊறுகாய் எல்லாம் அதற்கு மேலே. கணவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அவர் அந்த வாரம் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதற்காக இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்டாக் க்யூபை விட்டாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. நீலகிரியில் இருந்துகொண்டு ஸ்டாக்குக்கு க்யூப் வாங்குவதுதான் எனக்குப் புரியவில்லை! மார்க்கெட்டில் கேரட், லீக்ஸ், செலரி என்று இங்கிலீஷ் காய்கறி குவிந்து கிடக்கிறது. லீக்ஸின் பச்சைப் பகுதி, செலரித் தண்டு, கேரட்டின் முனைகள், அரசாணியின் தோல், விதையைச் சுற்றியிருக்கிற நார், பத்து மிளகு, ஒரு பிரிஞ்சி இலை. ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் மஞ்சளாக, லேசான இனிப்போடு நிற்கும். ஒரு சிட்டிகை உப்புகூட வேண்டாம். இனி எத்தனை கரண்டி ஊற்றினாலும் கவலையில்லை.

அரசாணியை வெட்டியதும் ஒரு சின்னத் துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் வேக வைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். சொந்த விதையில் கொல்லையில் தானாக முளைத்த கொடிக்காயில் இதைக் கட்டாயம் பாருங்கள். இங்கே மலிவாகக் கிடைக்கிற மேரக்காயை (சௌசௌ) போட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அது நீர்க்காய், குழைவு தராது. அரசாணியோ பட்டர்நட் பூசணியோ 400 கிராம் எடுத்து, பாதியை வேக வைத்து மசித்தும் மீதியைச் சிறு துண்டுகளாக வதக்கியும் வைத்துக்கொண்டால், வெண்ணெய் ஒரு ஸ்பூனோடு நின்றுவிடும்.

பேக்கன் நாலு பேருக்கு 80 கிராம் போதும். பொடியாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒரு கொதி வந்து இரண்டு நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். உப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். நல்ல வாசனையாக இருக்கிறதே என்று அதை ஸ்டாக்கில் ஊற்றிவிடாதீர்கள். பிறகு ஈரத்தைத் துடைத்து, எண்ணெய் இல்லாத சட்டியில் சிறு தீயில் போட்டால் அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று வரும். புகை போட்டதால் வெந்ததுதான் என்று சிலர் நினைக்கிறார்கள். பாக்கெட்டில் வருகிற பேக்கன் பெரும்பாலும் பச்சை இறைச்சி, நன்றாக வேக வேண்டும். வறுத்ததை எடுத்துத் தனியே வையுங்கள், சட்டியில் தங்கிய கொழுப்பில் வெங்காயமும் இரண்டு பல் மலைப்பூண்டும் வதக்குங்கள். 300 கிராம் அரிசியை அதில் சூடேறும்வரை புரட்டிவிட்டு ஸ்டாக்கை ஆரம்பிக்கலாம். பேக்கனை அரிசியோடு வேக வைக்காமல் பரிமாறும்போது மேலே தூவினால், நாக்கில் நேராகப் படுகிற உப்பு தூக்கலாகத் தெரியும். கொஞ்சமே போட்டது யாருக்கும் தெரியாது. சீஸ் சேர்த்த பிறகுதான் ருசி பார்க்க வேண்டும். அப்போதும் சப்பென்று இருந்தால் முதலில் எலுமிச்சை அரை மூடியும் மிளகுத் தூளும்.

நின்று கிளற நேரமில்லாதவர்கள் குக்கரில் வைக்கலாம். ஆவி வெளியே போகாததால் ஒன்றுக்கு இரண்டரை பங்கு ஸ்டாக் போதும், அழுத்தத்தில் கொதிநிலை ஏறுவதால் மலைக்கு அது தோதும்கூட. திறந்ததும் மசித்த அரசாணியும் சீஸும் போட்டு நன்றாக அடித்துக் கிளறுங்கள்.

லோ சோடியம் உப்பு வாங்கிப் போடலாமா என்று அந்த அம்மாவும் கேட்டார். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றுகிற சில கொதிப்பு மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாக முடியலாம். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பேக்கனை எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அறிவித்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. மாதத்துக்கு ஒன்றிரண்டு தரம், ஆளுக்கு 20 கிராம் என்றால் நான் தடுக்க மாட்டேன். தினம் காலையில் முட்டையோடு பேக்கன் என்கிற வீடுகளில்தான் எனக்குச் சண்டை.

மிச்சமானால் இந்தக் குளிரை நம்பி மேடையில் விட்டுவிடாதீர்கள். குழைந்த சோறு பாத்திரத்தின் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே கிடக்கும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாதவை, அந்தச் சூட்டில் முளைத்து விஷத்தைக் கக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் கட்டியாகியிருக்கும். வெந்நீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடாக்கினால் இளகிவிடும். அப்போதும் க்யூப் டப்பாவைத் தேட வேண்டாம்.