மேம்பட்டது நீரா, கிணறா?

‘மேம்படுத்தப்பட்ட குடிநீர்’ என்று படித்ததும், வடிகட்டிச் சுத்தம் செய்த தண்ணீர் என்றுதான் நமக்குத் தோன்றும். மூலத்தொடர், ஐ.நா.வின் குடிநீர்க் கணக்கெடுப்பில் வரும் ‘இம்ப்ரூவ்டு வாட்டர் சோர்ஸ்’. அதில் ‘இம்ப்ரூவ்டு’ என்ற அடை நீருக்கு உரியதல்ல, நீர் எடுக்கும் இடத்துக்கு உரியது. மலமும் அழுக்கும் வெளியிலிருந்து கலக்காதபடி அமைத்த குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடியும் திட்டும் உள்ள கேணி, மழைநீர்த் தொட்டி ஆகியவை இதில் சேரும். உள்ளே இருக்கும் நீரைச் சோதித்தார்களா என்று இந்தச் சொல் கேட்பதே இல்லை.

‘இம்ப்ரூவ்’ பழைய பிரெஞ்சில் ஆதாயத்தைக் குறித்த ‘ப்ரூ’ என்ற சொல்லின் வழி வந்தது. ஆதாயம் தரும்படி ஆக்குவதே முதற்பொருள். நலமாக்குதல் என்ற பொருள் பின்னால் ஏறியது.

சொல்லுக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு கொடியது என்பதை வங்கதேசம் கண்டது. குளத்து நீரால் வாந்திபேதி பரவிய ஊர்களில் 1970களில் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறங்கின. வங்காளத்தில் அதற்கு ‘நல்கூப்’ என்று பெயர். நம் அடிபம்பை அங்கே ‘சாப்கல்’ என்பார்கள். தண்ணீர் தெளிவாக, குளிர்ச்சியாக வந்தது. வாசனையும் இல்லை, கெட்ட சுவையும் இல்லை. 1993இல்தான் அதில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தது. உள்ளங்கை தடித்து, தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பிறகு! சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ள பம்பின் வாயில் சிவப்பும் நல்லதில் பச்சையும் பூசினார்கள். ஐ.நா. கணக்கெடுப்பைப் பொறுத்தவரை இரண்டுமே ‘இம்ப்ரூவ்டு’தான்.

குடிநீர் கிடைக்காதோரின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்கும் புத்தாயிரம் வளர்ச்சி இலக்கு 2010லேயே நிறைவேறிவிட்டதாக 2012இல் ஐ.நா. அறிவித்ததும் இதே அளவுகோலை வைத்துத்தான். அந்தச் செய்தியைத் தமிழில் ‘பாதுகாப்பான குடிநீர்’ என்று எழுதினால் அது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

‘காப்பமைந்த நீராதாரம்’ என்பதே பொருந்தும் என்பேன். காவல் கிணற்றுக்குத்தான்; நீருக்கு அது நற்சான்று தருவதில்லை. வீட்டு வளாகத்திலேயே, வேண்டும்போது, மலக்கிருமியும் ஆர்செனிக், ஃபுளோரைடு நஞ்சும் இல்லாமல் கிடைப்பதை இப்போது ஐ.நா. தனி வகையாக எண்ணுகிறது. 2022 கணக்குப்படி அது வாய்க்காதவர்கள் சுமார் 220 கோடி பேர். ‘பாதுகாப்பான’ என்ற சொல்லை அந்த வகைக்கு விட்டுவைப்போம்.